அத்தியாயம் 4: நாக்குத் தள்ளினால் எத்தனை மார்க்?

விம்கோ நகர் மெட்ரோ ஸ்டேஷனுக்குப் போனால் எஸ்கலேட்டரை விட்டுவிட்டுப் படிக்கட்டுப் பக்கம் வாருங்கள். இந்த அத்தியாயத்துக்கு அதுதான் பள்ளிக்கூடம். மேடு பள்ளம் இல்லாத ஊர் நம் வடசென்னை. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை ஏறுவதற்கென்று இருப்பவை மேம்பாலங்கள், ஹவுசிங் போர்டு மாடிகள், 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை நீண்ட மெட்ரோவின் படிக்கட்டுகள், அவ்வளவுதான். (நெஞ்சுவலி வந்தவர், இதயத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர், நாற்பதைத் தாண்டியும் உடற்பயிற்சி பக்கமே போகாதவர் மட்டும் கொஞ்சம் பொறுங்கள். முதலில் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.)

அவசரப்படாமல், நடுவில் நிற்காமல், வழக்கமான வேகத்தில் ஏறுங்கள். கடைசிப் படியில் கால் வைத்ததும் பழைய பஸ் கண்டக்டர் மாதிரி வரிசையாகச் சொல்லுங்கள்: ராயபுரம், தண்டையார்பேட்டை, டோல்கேட், காலடிப்பேட்டை, தேரடி, விம்கோ நகர், எர்ணாவூர், கத்திவாக்கம், எண்ணூர். மொத்தம் ஒன்பது. ஒரே மூச்சில் எத்தனை வந்தது?

ஒன்பதும் வந்து, "படியில நிக்காத, உள்ள போ" என்று அதட்டவும் மூச்சு மிச்சமிருந்தால் அந்தப் படிக்கட்டு உங்களுக்கு லேசு. தேரடி வந்ததும் ஒருமுறை மூச்சு இழுத்துக்கொண்டு மீதியைச் சொன்னால் நடுத்தரம். ரெண்டு பெயர், ஒரு இழுப்பு, ரெண்டு பெயர், ஒரு இழுப்பு என்று போனால் கடினம். ராயபுரத்திலேயே வண்டி நின்றுவிட்டால் கைப்பிடியைப் பிடித்து ஓரமாக நில்லுங்கள். பின்னால் வருகிறவருக்கு வழி வேண்டும்.

இந்த ஸ்டாப் கணக்கு என் சொந்தச் சரக்கு. ஆனால் பேச்சை வைத்து உழைப்பை அளப்பது உடற்பயிற்சி மருத்துவத்தில் நெடுநாள் பழக்கம். பேச முடிகிறது, பாட முடியவில்லை என்ற இடம்தான் நடுத்தரப் பயிற்சி. கட்டுமரக் காலத்தில் துடுப்புப் போடும்போதும் வலை இழுக்கும்போதும் மீனவர்கள் அம்பா பாடினார்கள். ஒருவர் எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடுவது. பாட்டு தடங்கினால் வேலை மூச்சை மீறிப் போகிறது என்று அந்த வரிசைக்கே தெரிந்திருக்கும் என்று நான் நினைத்துக்கொள்வதுண்டு. இதை ஆராய்ச்சி முடிவு என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நம் பக்கத்துப் பேச்சில் மூச்சு வாங்குவதற்குச் சொல் பஞ்சமே கிடையாது. லேசா மூச்சு வாங்குது. இரைக்குது. தம் பத்தல. மூச்சு முட்டுது. நுரை தள்ளுது. நாக்கு தள்ளுது. இவற்றைக் கலைத்துப் போட்டு அடுக்கச் சொன்னால் காசிமேட்டு மீன் ஏலக்காரரும் சுங்கத்துறைக் குமாஸ்தாவும் ஏறக்குறைய ஒரே வரிசையில்தான் அடுக்குவார்கள். உடம்பு படும் பாட்டைச் சொற்களால் வரிசைப்படுத்த முடியும் என்பதைத்தான் சுவீடனைச் சேர்ந்த உளவியலாளர் குன்னர் போர்க் 1962-இல் தன் ஆய்வேட்டில் எடுத்துக்கொண்டார். சொற்களுக்குப் பக்கத்தில் எண்களை வைத்தார். உலகம் முழுக்க இதய மருத்துவமனைகளின் டிரெட்மில் அறையில் சுவரில் தொங்குகிற அட்டை அவர் போட்டதுதான்.

அந்த அட்டை 6-இல் தொடங்கி 20-இல் முடியும். முதன்முதலில் பார்க்கிறவர்கள் அச்சுப்பிழை என்று நினைப்பார்கள். கணக்கு எளிது. எண்ணுக்குப் பின்னால் ஒரு சைபர் போட்டால் ஆரோக்கியமான இளைஞனின் நாடித்துடிப்பு ஏறக்குறைய வந்துவிடும். சும்மா இருக்கையில் 60, உச்சத்தில் 200. இதில் 11 என்றால் லேசு, 13 என்றால் சற்றுக் கடினம், 15 கடினம், 17 மிகக் கடினம். இதய சிகிச்சைக்குப் பின் பயிற்சி செய்கிறவர்களைப் பெரும்பாலும் 11-லிருந்து 13-க்குள் நிறுத்துவார்கள். பிறகு 1982-இல் போர்க்கே பத்து வரை போகும் இன்னொரு அளவையும் கொடுத்தார். மூச்சுத்திணறலுக்கும் வலிக்கும்கூட அது பயன்பட்டது.

இங்கே ஒரு குழப்பத்தைச் சொல்லியாக வேண்டும். பத்து மார்க் அளவு ஊருக்கு ஒன்று இருக்கிறது. போர்க்கின் பத்தில் நடுத்தரம் என்பது 3. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் பத்தில் நடுத்தரம் 5 அல்லது 6, தீவிரம் 7 அல்லது 8. ஜிம்மில் ஒரு அட்டை, ஆஸ்பத்திரியில் ஒரு அட்டை, போனில் ஒரு ஆப் என்று மாறி மாறிப் பார்த்தால் தலை சுற்றும். எண்ணைப் பிடிக்காதீர்கள், சொல்லைப் பிடியுங்கள். இந்தப் புத்தகம் முழுக்க நான் உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கையே பயன்படுத்துகிறேன். காரணம், பள்ளிக்கூடத்தில் பத்துக்கு அஞ்சு வாங்கியது நம் எல்லோருக்கும் நினைவிருக்கிறது, அதற்கு விளக்கம் தேவையில்லை.

ஆகவே நம் அளவில் பூஜ்யம் என்பது திண்ணையில் உட்கார்ந்து தெருவைப் பார்ப்பது. பால் பாக்கெட் வாங்கப் போய்வருவது 2. ராபின்சன் பூங்காவில் நண்பரோடு பேசிக்கொண்டே சுற்றுவது 3, மிஞ்சினால் 4. ஒன்பது ஸ்டாப்பும் தாராளமாக வரும், சினிமாப் பாட்டும் வரும். அதே பூங்காவில் பஸ்ஸைப் பிடிக்கப் போகிறவர் மாதிரி நடந்தால் 5, 6. பேச்சு ஓடும், பாட்டு ஓடாது. தண்ணி லாரி வந்த நாளில் நிறைகுடத்தோடு மூணாவது மாடி ஏறுகிறார்களே, நம் வீட்டுப் பெண்கள், அது பலருக்கு 7. ரெண்டு ரெண்டு ஸ்டாப்பாகத்தான் வரும். அதே குடத்தோடு அடுத்தடுத்து நாலு நடை நடந்தால் கடைசி நடை 9. கையைத்தான் ஆட்ட முடியும். 10 என்பது நாக்கு தள்ளுவது. அதை வாழ்க்கையில் ஒருமுறை தெரிந்து வைத்திருந்தால் போதும். மனதில் அந்த 10 எங்கே இருக்கிறது என்று தெரிந்தவருக்குத்தான் 6 எது என்று புரியும்.

நான் பயிற்சி கொடுக்கத் தொடங்கிய புதிதில் இந்த அளவு வேலையே செய்யவில்லை. காரணம் அளவில் இல்லை, நம் ஊரின் குணத்தில் இருந்தது. அதற்குப் பெயர் கெத்து. பாக்ஸிங் பழகும் பையன் ஒருவன், பத்தொன்பது வயது, மூணாவது ரவுண்டு பேக் குத்திவிட்டு வருகிறான். முட்டியில் கை ஊன்றிக் குனிந்து நிற்கிறான், மூக்கு நுனியிலிருந்து வேர்வை சொட்டுகிறது.

"எத்தினி மார்க்குடா?"

"ஆறு... மாஸ்டர்."

"ஸ்டாப் சொல்லு."

"ராயபுரம்..." என்றான். அப்புறம் தண்டையார்பேட்டை வருவதற்குள் ரெண்டு தடவை மூச்சு இழுத்தான். பக்கத்தில் நின்ற பசங்க சிரித்துவிட்டார்கள். அவனும் சிரித்தான். "சரி மாஸ்டர், ஒம்போது."

வடசென்னையின் குத்துச்சண்டைக்குப் பரம்பரை உண்டு. சார்பட்டா, இடியாப்ப நாயக்கர் என்று வழிவழியாக வாத்தியார்கள் சீடர்களை வளர்த்த மண் இது. 2021-இல் வந்த 'சார்பட்டா பரம்பரை' படத்துக்குப் பிறகு ஊரெல்லாம் அதைத் தெரிந்துகொண்டது. களைப்பை வெளியே காட்டாதே என்பது வளையத்துக்குள் முதல் பாடம், காட்டினால் எதிராளி உள்ளே வந்துவிடுவான். அந்தப் பாடம் வளையத்தில் சரி. பயிற்சி நோட்டில் அது பொய்க்கணக்கு. 9-ஐ 6 என்று சொன்னவனுக்கு வாத்தியார் அடுத்த நாள் இன்னும் ரெண்டு ரவுண்டு ஏற்றுவார். மூணாம் நாள் தோள்பட்டை பிடித்துக்கொள்ளும்.

இதற்கு நேர்மாறான ஆட்களும் உண்டு. அலுவலகத்தில் உட்கார்ந்தே பழகியவருக்கு லேசாக வேர்த்தாலே 8. அவரைக் கேலி செய்யத் தேவையில்லை. நெஞ்சு படபடப்பது அவருக்குப் புது அனுபவம், அதற்கு மேலே எவ்வளவு இடம் மிச்சம் என்று அவருக்குத் தெரியாது. ரெண்டு மூணு வாரம் எண் சொல்லிப் பழகினால் தானாகச் சரியாகும். இரண்டு தரப்புக்கும் நான் சொல்லும் வழி ஒன்றுதான். மார்க்கை வாயால் சொல்லும் முன் ஸ்டாப்பைச் சொல்லுங்கள். நாக்கு பொய் சொல்லும், மூச்சு சொல்லாது.

கையில் வாட்ச் இருக்கும்போது இந்த மார்க் எல்லாம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு சம்பவம். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர். துபாயிலிருந்து மகன் அனுப்பிய ஸ்மார்ட் வாட்ச்சைக் கட்டிக்கொண்டு தினம் நடந்தார். 220-இல் வயதைக் கழித்தால் உச்சத் துடிப்பு, அதில் எழுபது சதவீதம் வரை போகலாம் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அவருக்கு 62 வயது. கணக்குப்படி 110-ஐத் தொட வேண்டும். எவ்வளவு வேகமாக நடந்தாலும் வாட்ச் 94-ஐத் தாண்டவில்லை. அதனால் ஓட ஆரம்பித்தார்.

"அண்ணா, என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?" என்று கேட்டேன். பிரஷருக்கு என்று சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினார். மெட்டோப்ரோலால். அந்த வகை மாத்திரை இதயத்துடிப்பை ஏற விடாமல் பிடித்து வைக்கும், அதன் வேலையே அது. அட்டெனோலாலும் அப்படியே. அதைச் சாப்பிடுகிறவர் நாடியை வைத்து வேகத்தைக் கூட்டினால், பிரேக்கில் காலை வைத்துக்கொண்டே ஆக்சிலேட்டரை மிதிப்பது போல ஆகிவிடும். அவர் நடையை ஸ்டாப் சொல்லிப் பார்த்தோம். 94 துடிப்பில் அவருக்கு நல்ல 6. ஓடவே தேவையில்லை.

மாத்திரை சாப்பிடாதவர்களுக்கும் 220 கழித்தல் வயது என்பது குத்துமதிப்புதான். ஒரே வயதுக்காரர்கள் பலரை அளந்தால் பத்துப் பன்னிரண்டு துடிப்பு மேலேயோ கீழேயோ போவது சகஜம். நெடுநாள் சர்க்கரை நோய் உள்ள சிலருக்கு நரம்பு பாதிக்கப்பட்டு, உழைப்புக்கு ஏற்றபடி துடிப்பு ஏறாமலே போகும். வாட்ச்சைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. ரெண்டும் ஒத்துப்போகிற நாளில் வாட்ச்சைப் பாருங்கள், ஒத்துப்போகாத நாளில் மூச்சைக் கேளுங்கள்.

இனி இந்தப் பகுதிக்கென்றே உள்ள விஷயம். "நான் நாள் பூரா மூட்டை தூக்குறேன் சார், இதுக்கு மேல இன்னா எக்சசைஸ்?" இந்தக் கேள்வி வராத வாரம் கிடையாது. திருவொற்றியூரில் 1946-இல் பலூன் செய்யத் தொடங்கிய எம்.ஆர்.எஃப்., 1955-இல் வந்த என்ஃபீல்டு, எண்ணூரில் அசோக் லேலண்டு என்று தலைமுறை தலைமுறையாக உடம்பை வைத்துப் பிழைத்த ஊர். கன்டெய்னர் யார்டு, மீன் துறைமுகம், லாரி ஷெட்டு என்று இன்றும் அப்படித்தான். கேள்வி நியாயமானது. பதில்தான் கொஞ்சம் கசக்கும்.

டென்மார்க்கின் ஆந்திரயாஸ் ஹோல்டர்மன் போன்ற ஆய்வாளர்கள் சில ஆண்டுகளாக ஒரு முரணைப் பற்றி எழுதி வருகிறார்கள். ஓய்வு நேரத்தில் உடம்பை அசைப்பது இதயத்துக்கு நல்லது செய்கிறது. வேலையில் உடம்பை அசைப்பது அதே நன்மையைத் தருவதாகத் தெரியவில்லை, சில கணக்குகளில் கெடுதலாகவும் போகிறது. காரணத்தை நம் மார்க்கிலேயே பார்க்கலாம். அரைமணி நேர வேகநடை 6 மார்க், பிறகு ஓய்வு. இதயம் பலப்பட அந்த ஏற்றமும் வேண்டும், இறக்கமும் வேண்டும். யார்டில் எட்டு மணி நேரம் 4 மார்க். ஏற்றம் போதாது, இறக்கம் இல்லவே இல்லை. ரத்த அழுத்தம் நாள் முழுக்க சற்று மேலேயே நிற்கிறது. 50 கிலோ சிமெண்ட் மூட்டையைத் தூக்கும் நொடியில் 8, அப்போது மூச்சை அடக்கித் தம் கட்டுகிறார்கள். எப்போது நிற்பது, எப்போது தண்ணி குடிப்பது என்பது தொழிலாளியின் கையில் இல்லை, மேஸ்திரி கையில் இருக்கிறது.

அமெரிக்க ஆய்வாளர் கார்ல் ஃபாஸ்டர் விளையாட்டு வீரர்களுக்காக ஒரு கணக்கு வைத்தார். பயிற்சி முடிந்து அரைமணி கழித்து, மொத்தத்துக்கும் சேர்த்து ஒரு மார்க் போடு, அதை நிமிடங்களால் பெருக்கு. நாற்பது நிமிட நடை, மார்க் 5 என்றால் 200. இந்தக் கணக்கு எட்டு மணி ஷிப்டுக்காக உருவானதில்லை. இருந்தாலும் ஒரு சுமைத் தொழிலாளியோடு உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். 480 நிமிடம், மார்க் 4. ஆக 1,920. மேலே ஓ.டி. வேறு. மேஜையில் உட்கார்ந்திருக்கும் குமாஸ்தாவுக்கு அதே எட்டு மணி 480-ஐத் தாண்டாது. குமாஸ்தாவுக்கு மாலையில் 200 சேர்ப்பது பெரிய லாபம். 1,920 சுமந்தவருக்கு அன்றே இன்னொரு 300-ஐ ஏற்றுவது புத்திசாலித்தனம் இல்லை. அவருக்கு என் சிபாரிசு, வேலை நாளில் பதினைந்து நிமிடம் 3 மார்க்கில் நடை, முதுகுக்கும் இடுப்புக்கும் நீட்டிவிடுதல். வார விடுமுறையில் ஒருமுறை, முடிந்தால் இடையில் இன்னொரு லேசான ஷிப்டு நாளில், இருபது இருபத்தைந்து நிமிடம் 6-ஐத் தொடும் நடையோ சைக்கிளோ நீச்சலோ. வாரத்துக்கு 150 நிமிடம் என்ற உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கை அவர் மெல்ல மெல்ல எட்டினால் போதும்.

டிரெய்லர் ஓட்டுகிறவர்களின் கதை வேறு. துறைமுக கேட்டுக்கு வெளியே எண்ணூர் விரைவுச் சாலையில் மணிக்கணக்கில் வரிசை. கேபினில் உட்கார்ந்திருக்கிறார், உழைப்பு மார்க் 1. ஆனால் இறங்கி வந்தால் நாலு படி ஏற முடியவில்லை. "உட்கார்ந்தே இருந்தேன், ஏன் இப்படி?" என்கிறார். அலுப்பு வேறு, உழைப்பு வேறு. ஆனால் ஒன்று மற்றொன்றைப் பாதிக்கும். 2009-இல் ஆய்வாளர் சமுவேலே மார்கோராவின் குழுவினர் வேல்ஸில் ஒரு சோதனை செய்தார்கள். ஆட்களை ஒன்றரை மணி நேரம் கணினி முன் மூளையைக் கசக்கும் வேலை செய்யவைத்து, பிறகு சைக்கிள் மிதிக்கச் சொன்னார்கள். சாதாரண நாளில் சராசரியாகப் பன்னிரண்டரை நிமிடம் மிதித்தவர்கள், மூளை களைத்த நாளில் பத்தரை நிமிடத்தை ஒட்டி நிறுத்திக்கொண்டார்கள். இதயமும் நுரையீரலும் வழக்கம்போலத்தான் இருந்தன. கஷ்டமாக இருக்கிறது என்ற உணர்வுதான் முதல் நிமிடத்திலிருந்தே கூடுதல். நைட் ஷிப்டு முடித்து வந்தவருக்கு, கண் எரிய வரிசையில் காத்திருந்தவருக்கு, வழக்கமான 5 மார்க் நடை 7 ஆகத் தெரியும். அன்று வேகத்தைக் குறைத்து 5-இல் நடங்கள். வேகம் மாறலாம், மார்க் மாறக்கூடாது.

அடுத்தது காற்று. எல்லா உடல்நலப் புத்தகமும் விடியற்காலை நடையைப் புகழும். அவற்றை எழுதியவர்கள் மணலிக்குக் கிழக்கே குடியிருந்தவர்கள் இல்லை. விடிவதற்கு முன் நம் பக்கம் தரைக்காற்று, மேற்கிலிருந்து கடலைப் பார்த்து வீசும். திருவொற்றியூருக்கு மேற்கே மணலித் தொழிற்பேட்டை. குளிர்ந்த காலைக் காற்று தரையை ஒட்டியே படுத்திருப்பதால் புகையும் வாடையும் மேலே போகாது. அழுகிய முட்டை வாடையோ, கேஸ் சிலிண்டர் வாடையோ வந்த நாளில் அஞ்சு மணி நடையைக் கைவிடுங்கள். கடல்காற்று தொடங்கிய பிறகு, அதாவது பெரும்பாலான நாட்களில் மதியத்துக்கு மேல், மாலை வெயில் தணிந்ததும் நடப்பது நமக்குப் பல நேரம் மேல். எண்ணூர்ப் பக்கம் அனல்மின் நிலையங்களின் சாம்பல் இருக்கிறது, கன்டெய்னர் லாரி ஓடும் சாலையில் டீசல் புகையும் புழுதியும் இருக்கின்றன. ஆகவே இங்கே எந்த மணி நல்ல மணி என்று ஒரே விதி எழுத முடியாது. உங்கள் தெருவில் எது என்று உங்கள் நோட்டுதான் சொல்ல வேண்டும்.

இதற்காக மார்க்கை இரண்டாகப் பிரிக்கச் சொல்கிறேன். கால் மார்க் ஒன்று, மூச்சு மார்க் ஒன்று. சுத்தமான காற்றில், மட்டமான தரையில் நடந்தால் ரெண்டும் ஒன்றையொன்று ஒட்டியே வரும். கால் 4-இல் இருக்கும்போது மூச்சு 6, 7 என்று ஏறினால், தொண்டை கரகரத்தால், கண் எரிந்தால், பிரச்சினை பெரும்பாலும் உங்கள் உடம்பில் இல்லை, காற்றில் இருக்கிறது. திரும்பி வீட்டுக்குப் போங்கள். (ஆஸ்துமா உள்ளவருக்கு உடம்பும் சேர்ந்திருக்கலாம், இன்ஹேலரை வீட்டில் வைத்துவிட்டு வராதீர்கள்.) 2023 டிசம்பர் 26 நள்ளிரவுக்குச் சற்று முன் பெரியகுப்பம் பக்கம் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோது மக்கள் தூக்கத்திலிருந்து எழுந்து ஓடினார்கள். மூக்கும் தொண்டையும் காட்டும் எச்சரிக்கையை மதிக்கிற பழக்கம் நமக்கு வெறும் பயிற்சி விஷயம் இல்லை.

மே மாதத்தைப் பற்றிச் சுருக்கமாக. கடலோரத்தில் வேர்வை கொட்டும், காயாது. காயாத வேர்வை உடம்பைக் குளிர்விக்காது. அதே வேகத்தில் அரைமணி நடந்தால் நாடி தானாக ஏறிக்கொண்டே போகும், மார்க்கும் கூடவே ஏறும். பத்தாவது நிமிடத்தில் 5 இருந்தது இருபத்தைந்தாவது நிமிடத்தில் 7 ஆனால் வெயில் உங்கள் கணக்கில் ரெண்டு மார்க் எடுத்துக்கொண்டது என்று வைத்துக்கொண்டு வேகத்தைக் குறையுங்கள். தொடர்ந்து ஒன்றிரண்டு வாரம் வெயிலில் பழகினால் உடம்பு ஓரளவு ஈடுகொடுக்கும். வேர்வை திடீரென நின்றாலோ பேச்சு குழறினாலோ மார்க் போடும் வேளை அது இல்லை. நிழல், தண்ணீர், ஆள் உதவி.

தண்டால், பஸ்கி, கர்லாக்கட்டை, ஜிம் இரும்பு, இவற்றுக்கு மூச்சு அளவு சரிவராது. அங்கே கேள்வியைத் திருப்பிப் போடுங்கள்: இன்னும் எத்தனை எடுக்க முடியும்? ஒன்றுகூட முடியாது என்றால் 10. ஒன்று மிச்சம் 9, ரெண்டு மிச்சம் 8, மூணு மிச்சம் 7. புதிதாகத் தொடங்குகிறவர் 7-இல் நிறுத்தினால் போதும். மிச்சம் எத்தனை என்ற மதிப்பீட்டில் எல்லோரும் தவறுவார்கள், பெரும்பாலும் குறைத்தே நினைப்பார்கள். மாதம் ஒருமுறை, பக்கத்தில் ஆள் இருக்கும்போது, வெறும் பஸ்கியில் உண்மையாகவே முடியாத இடம் வரை போய்ச் சரிபாருங்கள். இருபதில் நின்றுவிடுவேன் என்றவர் இருபத்தெட்டில் நின்றதைப் பார்த்திருக்கிறேன். இந்தச் சோதனையை முதுகில் பாரம் வைத்துச் செய்யாதீர்கள்.

சில உணர்வுகளுக்கு மார்க்கே கிடையாது. நெஞ்சில் பாரம் வைத்தது போல அழுத்தம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, குளிர் வேர்வை, கண் இருட்டல். "அஞ்சு மார்க் வலி" என்று சொல்லிக்கொண்டு நடையை முடிக்கப் பார்க்காதீர்கள். உட்கார்ந்துவிடுங்கள், 108-ஐக் கூப்பிடச் சொல்லுங்கள். ராயபுரம் பக்கம் இருப்பவர்களுக்கு ஸ்டான்லி ஆஸ்பத்திரி கூப்பிடு தூரம்தான். சர்க்கரை நோயாளிக்கு மாரடைப்பு வலி இல்லாமலும் வரும். அவர்களுக்கு ஒரே தடயம் சிலநேரம் இந்த மார்க்தான். நேற்று வரை 4 ஆக இருந்த தெருமுனை வரையிலான நடை, காரணம் எதுவும் இல்லாமல் இன்று 8 என்றால், அது ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நாள்.

நோட்டுக்கு வருவோம். நாற்பது பக்கப் பள்ளிக்கூட நோட்டு போதும். தேதி, எத்தனை நிமிடம், கால், மூச்சு, கடைசியில் ஒரு வரி. பயிற்சி முடிந்து குளித்து டீ குடித்த பிறகு எழுதுங்கள், மூச்சிரைப்போடு எழுதினால் கடைசி ரெண்டு நிமிடம்தான் மொத்த மார்க்கையும் தீர்மானிக்கும். மாதத்தில் ஒருநாள் விம்கோ நகர் படிக்கட்டுக்கோ உங்கள் ஹவுசிங் போர்டு மாடிக்கோ போய் அதே வேகத்தில் ஏறி, அதே ஒன்பது ஸ்டாப்பைச் சொல்லி, மார்க்கைத் தனிப் பக்கத்தில் குறித்து வையுங்கள். அந்தப் பக்கத்தில் மார்க் இறங்கினால் உடம்பு தேறுகிறது.

மெட்டோப்ரோலால் பெரியவர் இப்போது வாட்ச்சை மணி பார்க்க மட்டும் வைத்திருக்கிறார். அவருடைய நோட்டிலிருந்து, அவர் சம்மதத்தோடு, ஒரு வாரத்தின் நடுவிலிருந்து மூன்று வரி:

புதன். 35 நிமிடம். கால் 5, மூச்சு 5. ஸ்டாப் தேரடி வரை ஒரே மூச்சு.

வியாழன். 12 நிமிடம். கால் 3, மூச்சு 6. மணலி நாத்தம். திரும்பிவிட்டேன்.

வெள்ளி. சாயந்திரம் 5 மணி. 40 நிமிடம். கால் 5, மூச்சு 5. நல்ல கடக்காத்து. பேரன் கூட வந்தான், அவனுக்கு 2 மார்க்காம்.